பச்சை உடம்புக்காரியின் மனதையும் பார்ப்போம்

(தோட்டக் கமிட்டித் தலைவர்களும் மாதர் தலைவிகளும் கூடிய கூட்டத்தில் சங்கத்தின் மாதர் பிரிவு சார்பில் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்த மேடையில் சம்பளத்தைப் பற்றிப் பேசுவோம். கிலோவைப் பற்றி, காணியைப் பற்றி, வீட்டைப் பற்றிப் பேசுவோம். இன்றைக்கு பிள்ளை பெற்ற தாயின் மனதைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "இது சங்கத்து விசயமா?" என்று சில தோழர்கள் கேட்டார்கள். ஒரு காலத்தில் நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். எங்கள் கமிட்டியில் நடந்த ஒரு சம்பவம்தான் அந்த எண்ணத்தை மாற்றியது. அதைச் சொல்லிவிட்டு விசயத்துக்கு வருகிறோம்.

எங்கள் தோட்டத்தில் ஒரு தங்கச்சி மூன்றாவது பிள்ளையைப் பெற்றாள். லீவு முடிந்து மலைக்கு வந்தாள். முன்பெல்லாம் நிறுவைக்கு முதல் ஆளாகக் கூடையைக் கொண்டு வருகிறவள், அப்போது கடைசி ஆளாக வந்தாள். கிலோ குறைந்தது, அரைப்பேர் விழுந்தது. அந்த அரைப்பேருக்காக நாங்கள் ஆபீசுக்குப் போய்ச் சண்டை பிடித்தோம். இரண்டு முறை போனோம். ஆனால் அவளிடம் உட்கார்ந்து, "உனக்கு என்னம்மா செய்யுது?" என்று ஒருவரும் கேட்கவில்லை.

அவள் தலை வாருவதை விட்டிருந்தாள். பிள்ளை அழுதால் பார்த்துக்கொண்டே இருப்பாள், தூக்கமாட்டாள். பிள்ளை தூங்கினாலும் இவளுக்குத் தூக்கம் வராது. லயத்தில் சிலர் சோம்பேறி என்றார்கள். சிலர் காத்துக் கருப்பு என்றார்கள். வீட்டுக்காரர் கடன் வாங்கி மந்திரித்துக் கயிறு கட்டினார். ஒருநாள் இரவு மாமியாரின் மடியில் பிள்ளையை வைத்துவிட்டு, "நான் இல்லாட்டியும் நீங்க இத வளத்துக்குவீங்கதானே?" என்று கேட்டிருக்கிறாள்.

அந்தக் கிழவிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தக் கேள்வியின் பொருள் அவருக்கு விளங்கியது. இரவு முழுக்க மருமகளைத் தனியே விடாமல் பக்கத்தில் படுத்திருந்து, விடிந்ததும் மிட்வைப் மிஸ்ஸியைத் தேடிப் போனார். மிஸ்ஸி வந்து பேசி, அன்றைக்கே ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பினார். மருந்து கொடுத்தார்கள், கூப்பிட்டு வைத்துப் பேசினார்கள். நாலைந்து மாதம் சென்றது. இன்றைக்கு அந்தத் தங்கச்சி நன்றாக இருக்கிறாள். அவள் சம்மதத்தோடுதான் இதை இங்கே சொல்கிறோம். "என் பேரைச் சொல்லாதீங்க, என் கதையைச் சொல்லுங்க" என்றாள்.

அவளைக் காப்பாற்றியது சங்கம் அல்ல, ஒரு மாமியார். அந்த வெட்கத்தோடுதான் இங்கே நிற்கிறோம்.

இது என்ன வருத்தம்?

பிள்ளை பெற்ற தாய்க்கு மனதில் வருவது மூன்று வகை. மூன்றையும் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, பிள்ளை பிறந்து மூன்று நாலு நாளில் வரும் அழுகை. காரணமில்லாமல் கண்ணீர் வரும், எரிச்சல் வரும். பிள்ளைப்பேற்றோடு உடம்பில் சில ஓமோன்கள் சடாரென்று இறங்குகின்றன. அதோடு தூக்கமும் இல்லை, உடம்பு வலியும் உண்டு. பாதிக்கு மேற்பட்ட தாய்மாருக்கு இது வருகிறது. இரண்டு வாரத்துக்குள் தானாக மாறிவிடும். ஓய்வும் ஆதரவான வார்த்தையும் போதும்.

இரண்டாவது, பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு. இது இரண்டு வாரம் தாண்டியும் மாறாது. பிறந்த சில வாரங்களிலும் வரலாம், மாதங்கள் கழித்தும் வரலாம். எதிலும் விருப்பம் இருக்காது. பசி, தூக்கம் கெடும். "நான் நல்ல தாய் இல்லை" என்ற குற்ற உணர்ச்சி இருக்கும். சிலருக்கு அழுகைக்குப் பதில் கோபமும் பயமும் வரும். சிலருக்குத் தலைவலி, நெஞ்சு அடைப்பு, உடம்பு எரிச்சல் என்று உடம்பில் காட்டும். பிள்ளை பெற்ற தாய்மாரில் 100க்கு 13 பேர் இப்படியான மனநல வருத்தத்துக்கு ஆளாகிறார்கள் என்றும், வளர்ந்துவரும் நாடுகளில் அது 100க்கு ஏறத்தாழ 20 என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்தக் கணக்கை நம்முடைய லயத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். பிள்ளை பெற்ற ஐந்து பேரில் ஒருத்தி.

மூன்றாவது மிகக் குறைவு, ஆனால் ஆபத்தானது. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும். பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கும். இல்லாத குரல் கேட்பதாகச் சொல்வது, சம்பந்தம் இல்லாமல் பேசுவது, இரவு பகல் தூங்காமல் திரிவது, பிள்ளையைப் பற்றி விபரீதமாகப் பேசுவது இதன் அடையாளங்கள். கயிறு கட்டிக்கொண்டு காத்திருக்க நேரமில்லை. அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். சரியான நேரத்தில் கொண்டுபோனால் இதுவும் குணமாகும்.

இந்த மூன்றும் ஒருத்தியின் குணக்கேடு அல்ல, திமிரும் அல்ல, செய்வினையும் அல்ல. காய்ச்சல் வருவதைப் போல வருகிற வருத்தம்.

நம்முடைய லயத்தில் ஏன் கூடுதல் சுமை?

ஓமோன் எல்லாத் தாய்க்கும் இறங்குகிறது. பங்களாவில் இருக்கிறவருக்கும் இறங்கும். ஆனால் நம்முடைய தாய்க்கு அதன் மேல் வேறு சுமைகள் ஏறுகின்றன.

ஒரு காம்பராவில் ஆறு ஏழு பேர். பிள்ளை அழுதால் வீடு முழுக்க விழிக்கும், பக்கத்துக் காம்பராவும் விழிக்கும். அதற்குப் பயந்து தாய் இரவெல்லாம் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இஸ்தோப்பில் நடக்கிறாள். தண்ணீர் தூரத்தில், மலசலகூடம் தூரத்தில். பலருக்கு இரத்தச் சோகை, அதனால் உடம்பு எப்போதும் அசதி. பெண் பிள்ளை பிறந்தால் குத்துப் பேச்சு. வீட்டுக்காரர் கொழும்பில் கடையில் வேலை, அல்லது இங்கேயே இருந்து குடிக்கிறார். பெற்ற தாய் வெளிநாட்டில் இன்னொருவர் வீட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இதோடு எடுத்த கடனுக்கு வாராவாரம் கட்ட வேண்டிய தவணை.

பிறகு வேலை. லீவு முடிகிற நாளில் பிள்ளைக்கு ஏறத்தாழ பத்து வாரம்தான். அந்த வயதில் பிள்ளைக்கு இரவு எது, பகல் எது என்று தெரியாது. தாய்க்கு மட்டும் விடிகாலை பெரட்டுக்குப் போக வேண்டும். முதல் நாளே மற்றவர்களுக்குச் சமமாகக் கிலோ கேட்கிறார்கள். தூக்கமில்லாத உடம்போடு சரிவில் நின்று கொழுந்து எடுக்கிறவளுக்குக் கிலோ குறைந்தால் அரைப்பேர். அரைப்பேர் விழுந்தால் வீட்டில் சண்டை, சண்டை வந்தால் அன்றிரவும் தூக்கமில்லை. இந்தச் சக்கரத்துக்குள் சிக்கிய ஒருத்தியைப் பார்த்து "மனதைத் தைரியமா வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போவது நியாயமா?

தாய் தனக்காகச் செய்யக் கூடியவை

ஆனாலும் தோழிகளே, சட்டம் மாறும் வரை, லயம் மாறும் வரை, இன்றிரவு அந்தத் தாய் என்ன செய்வாள்? அதற்கும் பதில் வேண்டும். கிளினிக்கில் மனநலப் பிரிவினர் சொல்லிக் கொடுக்கும் சில பயிற்சிகளை நாங்கள் கற்றுக்கொண்டு வந்திருக்கிறோம். காசு வேண்டாம், இடமும் வேண்டாம்.

ஒன்று, மூச்சு. இப்போதே எல்லோரும் செய்து பார்ப்போம், தலைவர்மாரும்தான். ஒரு கையை வயிற்றில் வையுங்கள். மூக்கால் மெதுவாக மூச்சை இழுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. வயிறு கையைத் தள்ள வேண்டும். இப்போது வாயால் மெதுவாக விடுங்கள். ஒன்று முதல் ஆறு வரை. இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும். பதற்றத்தில் நெஞ்சு படபடவென்று அடிக்கும்போது, நீளமாக விடும் மூச்சு அதை மெல்ல அடக்குகிறது. பத்து மூச்சு போதும். பால் கொடுக்க உட்காரும் ஒவ்வொரு முறையும் செய்தால் ஒரு நாளைக்கு எட்டுப் பத்துத் தடவை ஆகிவிடும். தனியே நேரம் ஒதுக்க வேண்டியதில்லை.

இரண்டு, உடம்பை இறுக்கி விடுவது. படுத்தபடியே கால் விரல்களை இறுக்கி, ஐந்து எண்ணி விடுங்கள். பிறகு கெண்டைக்கால், தொடை, கை முட்டி, தோள், முகம் என்று ஒவ்வொன்றாக. நாள் முழுக்கக் கூடை சுமந்த தோள் எவ்வளவு இறுகிக் கிடக்கிறது என்று அப்போதுதான் தெரியும். வயிற்றை வெட்டிப் பிள்ளை எடுத்தவர்கள் வயிற்றை இறுக்க வேண்டாம், மற்ற இடங்களைச் செய்யலாம்.

மூன்று, கெட்ட நினைப்பு சுற்றிச் சுற்றி வரும்போது கண்ணையும் காதையும் வெளியே கொண்டுபோவது. கண்ணுக்குத் தெரிகிற ஐந்து பொருளை மனதுக்குள் பெயர் சொல்லுங்கள். காதில் விழுகிற மூன்று சத்தம். கையில் படுகிற இரண்டு பொருள். மனம் சற்று இந்த இடத்துக்குத் திரும்பி வரும்.

நான்கு, தூக்கத்தைச் சேமிப்பது. பிள்ளை பகலில் தூங்கும்போது பாத்திரம் கழுவப் போகாதீர்கள், நீங்களும் படுங்கள். பாத்திரம் எங்கேயும் ஓடாது.

ஐந்து, ஒரு நாளைக்கு ஒரு சின்ன வேலை தனக்காக. தலைக்குக் குளித்து வாரிக்கொள்வது, சாயத் தண்ணியை ஆறவிடாமல் சூடாகக் குடிப்பது, வெயில் வந்ததும் பிள்ளையோடு லயத்துக்கு வெளியே கொஞ்ச தூரம் நடப்பது. சின்னதுதான், ஆனால் சோர்ந்த மனம் ஏறி வருவதற்கு அது ஒரு படி.

ஆறு, நம்பக்கூடிய ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்வது. "எனக்குப் பிள்ளையைப் பார்த்தால் ஒண்ணும் தோணல்ல" என்று சொல்வது பாவமல்ல. சொன்னால்தான் வழி பிறக்கும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இந்தப் பயிற்சிகள் பதற்றத்துக்கும் களைப்புக்கும் உதவும். மனச்சோர்வு ஆழமாகிவிட்டால் மூச்சு மட்டும் போதாது, வைத்தியர் வேண்டும். பால் கொடுக்கும் தாய் சாப்பிடக் கூடிய மருந்துகளும் இருக்கின்றன. வைத்தியரே பார்த்துக் கொடுப்பார். கொஞ்சம் சுகமானதும் தானாக நிறுத்திவிடக் கூடாது.

வீடும் லயமும் செய்ய வேண்டியவை

இனி ஆண் தோழர்களுக்கு. இரவில் ஒரு தடவை பிள்ளையை நீங்கள் தூக்குங்கள். பால் மட்டும்தான் தாயால் கொடுக்க முடியும். ஏப்பம் விட வைப்பது, துணி மாற்றுவது, தோளில் போட்டு நடப்பது எல்லாம் தகப்பனாலும் முடியும். தாய்க்குத் தொடர்ந்து நாலு மணித்தியாலம் தூக்கம் கிடைத்தால் அது ஒரு மருந்து. தண்ணீரும் விறகும் அந்த மாதங்களில் உங்கள் பொறுப்பு. குடித்துவிட்டு வந்து பச்சை உடம்புக்காரியிடம் கை நீட்டுகிறவன் எங்கள் சங்கத்து அட்டை வைத்திருந்தாலும் நாங்கள் அவன் பக்கம் நிற்கமாட்டோம்.

மாமியார்மாருக்கு ஒரு வார்த்தை. "நாங்கெல்லாம் பெத்துப் போட்டுட்டு மறுநாளே மலைக்குப் போனோம்" என்று சொல்லாதீர்கள். நீங்கள் பட்டது உண்மை. ஆனால் அது நமக்கு நடந்த அநியாயம். அதைப் பெருமையாக மருமகளிடம் கொடுக்க வேண்டாம். பத்தியமும் பிரசவ மருந்தும் கொடுக்கும் அதே கையால் தலையையும் ஒரு தடவை தடவிக் கொடுங்கள்.

பக்கத்து வீட்டுத் தோழிகள் பிள்ளையைப் பார்க்கப் போகும்போது முதலில் தாயைப் பாருங்கள். "பிள்ளை எப்படி?" என்று கேட்கும் முன் "நீ எப்படி? தூங்கினியா? சாப்பிட்டியா?" என்று கேளுங்கள். அவள் சொல்வதைக் கேட்டுவிட்டு லயம் முழுக்கச் சொல்லாதீர்கள்.

இது வெறும் ஆறுதல் பேச்சு என்று நினைக்க வேண்டாம். பாகிஸ்தானில் ராவல்பிண்டியை ஒட்டிய கிராமங்களில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். அங்கே வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பெண் ஊழியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் டாக்டர்மார் அல்ல, கிராமத்துப் பெண்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கர்ப்ப காலத்திலேயே மனச்சோர்வில் இருந்த தாய்மாரிடம் 16 தடவை போய்ப் பேச வைத்தார்கள். தாயின் உடல்நலம், பிள்ளையோடு உள்ள உறவு, சுற்றியிருக்கிறவர்களின் ஆதரவு, இந்த மூன்றையும் பற்றித்தான் பேச்சு. சுமார் 900 தாய்மார் அந்த ஆய்வில் இருந்தார்கள். பிள்ளைக்கு ஆறு மாதமானபோது, இப்படிப் பேசப்பட்ட தாய்மாரில் 100க்கு 23 பேருக்குத்தான் மனச்சோர்வு நீடித்தது. வழக்கமான வருகை மட்டும் கிடைத்தவர்களில் 100க்கு 53 பேருக்கு நீடித்தது. 2008இல் வெளிவந்த ஆய்வு இது. பிறகு உலக சுகாதார நிறுவனம் அதையே கைநூலாக்கியது. அந்தக் கிராமத்துப் பெண்களால் முடிந்தது நம்முடைய மாதர் தலைவிகளால் முடியாதா?

கேட்டு வாங்க வேண்டியவை

இப்போது சங்கத்து வேலைக்கு வருவோம்.

பிரசவ நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939ஆம் ஆண்டில் இருந்து இருக்கிறது. முன்பு மூன்றாவது பிள்ளையில் இருந்து 6 வாரம் மட்டும்தான் லீவு. 2018இல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது எத்தனையாவது பிள்ளையானாலும் 12 வாரம். "உனக்கு மூணாவதுதானே" என்று யாராவது குறைத்தால் உடனே கமிட்டிக்குச் சொல்லுங்கள்.

அதே சட்டத்தில் இன்னொரு உரிமை இருக்கிறது. அது பல தோட்டங்களில் பேச்சளவில்கூட இல்லை. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு, 9 மணித்தியால வேலைக்குள் இரண்டு இடைவேளை கொடுக்க வேண்டும். பிள்ளை மடுவம் இருந்தால் ஒவ்வொன்றும் 30 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையக் கூடாது. இந்த நேரம் வேலை நேரமாகவே கணக்கிடப்பட வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் வெட்டக் கூடாது. மலைக்கும் மடுவத்துக்கும் இடையே ஏறி இறங்கவே அரை மணித்தியாலம் போகிறது என்றால், அந்தத் தாயைப் பக்கத்து மலையில் போடும்படி கேட்க வேண்டும்.

பிள்ளை மடுவத்துக்கு இப்போது சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். பலகை நல்லது. உள்ளே சுடுதண்ணீர் இருக்கிறதா, சுத்தமான தொட்டில் இருக்கிறதா, தாய் மறைவாக உட்கார்ந்து பால் கொடுக்க ஓர் இடம் இருக்கிறதா என்று ஒவ்வொரு கமிட்டியும் போய்ப் பார்க்க வேண்டும். பிள்ளை பத்திரமாக இருக்கிறது என்ற நம்பிக்கை தாயின் மனதுக்குப் பெரிய ஆறுதல்.

இதோடு மாதர் பிரிவு நான்கு தீர்மானங்களை இந்தக் கூட்டத்தின் முன் வைக்கிறது.

முதலாவது, பிரசவ லீவு முடிந்து வரும் தாய்க்கு முதல் மூன்று மாதம் கிலோவைக் குறைத்துக் கணக்கிட்டு முழுப்பேர் போடும்படி நிர்வாகத்திடம் கேட்பது. இது சட்டத்தில் இல்லை. கேட்டுப் போராடி வாங்க வேண்டிய விசயம்.

இரண்டாவது, ஒவ்வொரு லயத்துக்கும் இரண்டு தோழிகள். பிள்ளை பிறந்த நாளில் இருந்து ஆறு மாதம் வரை, வாரம் ஒரு தடவை அந்தத் தாயிடம் போய் அரை மணித்தியாலம் உட்கார்ந்து பேசுவது. போகும்போது கையில் ஏதாவது வேலையை எடுத்துக்கொண்டு செய்து கொடுத்துவிட்டு வருவது.

மூன்றாவது, கிளினிக்கில் கேட்கும் 10 கேள்விகளைப் பற்றி எல்லாத் தாய்மாருக்கும் சொல்வது. கடந்த 7 நாளில் மனம் எப்படி இருந்தது என்று கேட்கும் எடின்பரோ கேள்வித்தாள் அது. தமிழிலும் இருக்கிறது. பக்கத்தில் ஆள் நிற்கும்போது எல்லாவற்றுக்கும் "நல்லாத்தான் இருக்கேன்" என்றுதான் பதில் வரும். ஆகவே தாயைத் தனியே வைத்து, அவளுக்கு விளங்கும் தமிழில் கேட்கும்படி சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்குக் கடிதம் கொடுப்போம்.

நான்காவது, தாய் வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குப் போகும் நாளைக் காய்ச்சலுக்குப் போகும் நாளைப் போலவே நடத்தும்படி கேட்பது. அங்கே போனாள் என்பதற்காகக் கங்காணியோ கணக்குப்பிள்ளையோ ஒரு கேலி வார்த்தை பேசினாலும் கமிட்டி தலையிடும்.

காத்திருக்கக் கூடாத நேரம்

கடைசியாக, எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது. ஒரு தாய் "நான் இல்லாட்டி நல்லம்" என்ற மாதிரிப் பேசினால், பிள்ளைக்கு ஏதாவது செய்துவிடுவேனோ என்று பயந்தால், இல்லாததைக் கேட்பதாகச் சொன்னால், அவளைத் தனியே விடாதீர்கள். திட்டாதீர்கள், வாதாடாதீர்கள். பிள்ளையை வேறு ஒருவர் கவனிக்கட்டும், ஒருவர் தாயோடு இருக்கட்டும். தோட்ட ஆஸ்பத்திரிக்கோ பக்கத்து அரச வைத்தியசாலைக்கோ உடனே கொண்டுபோங்கள். அம்புலன்சுக்கு 1990. மனநல ஆலோசனைக்குத் தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் 1926. வீட்டில் அடி உதை என்றால் பெண்கள் உதவி இலக்கம் 1938. இந்த மூன்று இலக்கங்களையும் பெரட்டுக்களத்திலும் பிள்ளை மடுவத்திலும் கொழுந்து மடுவத்திலும் எழுதி ஒட்டுவோம்.

தோழர்களே, தோழிகளே, அந்தத் தங்கச்சி திரும்ப மலைக்கு வந்த முதல் வாரம், நிறுவை முடிந்ததும் எங்களிடம் வந்தாள். கிலோ அன்றைக்கும் கொஞ்சம் குறைவுதான். "அக்கா, நேத்து ராத்திரி நல்லாத் தூங்கினேன்" என்றாள். சங்கத்தில் இத்தனை வருசத்தில் எத்தனையோ வெற்றிச் செய்திகளைக் கேட்டிருக்கிறோம். எங்களுக்கு அது அவற்றில் ஒன்று.

நாளைக்கு லயத்துக்குப் போனதும் ஒவ்வொருவரும் பிள்ளை பெற்ற ஒரு வீட்டுக்குப் போங்கள். "நீ தூங்கினியா?" என்று கேளுங்கள். மற்ற வேலையை அங்கே இருந்து தொடங்குவோம்.